லென்ஸில் பூத்தது உப்பு இல்லை

மணி அடிப்பதற்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நீ, முனீஸ்வரி. மணி அடித்த பிறகு நாற்பத்து மூன்று பேர்: உன்னையும் முனீஸ்வரியையும் சேர்த்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொன்று, அறிவியல் சார் ஒருவர், பின் பெஞ்சில் நான். அன்று வராத பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது. இன்னொருத்தி அக்கா கல்யாணத்துக்குத் தங்கச்சிமடம் போயிருந்தாள். தலைமையாசிரியை கடைசிக் கால் மணி நேரத்தில்தான் உள்ளே வந்தார். இதில் ஒரு தலைகூடக் கூடவோ குறையவோ இல்லை. இரண்டாவது கணக்கைப் பதின்மூன்று வருடத்துக்கு முன்னாலேயே பள்ளி மேலாண்மைக் குழு நோட்டில் என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முதல் கணக்கை இன்றுதான் எழுதுகிறேன்.

அய்யா, மகனே, உனக்கு எந்தக் கடிதம் எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டு, திருநீற்றை மடித்து உள்ளே வைத்துத்தான் அனுப்புவேன். இந்தக் கடிதத்தில் இரண்டும் இல்லை. ஏன் இல்லை என்பது படித்து முடிக்கும்போது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டு, வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டது, திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர், ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்று சொன்னாய். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் நீ சிரித்துக்கொண்டே, “மொத நாளே பிள்ளைகளுக்கு நம்ம உப்புத்தண்ணி கதையச் சொல்லிருவேன்மா. மைக்ராஸ்கோப்ப எப்படித் தொடக்கூடாதுன்னு அதவிட வேற கத வேணுமா?” என்றாய். நானும் ஏதோ சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு விளக்கேற்றப் போனேன். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உங்கய்யாதான் வந்து ஏற்றினார்.

நம் வீடு பாம்பனில் எப்படி இருந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அபிராமத்தில் மிளகாய்க் காட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கய்யாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததால் கடலோரத்துக்கு வந்தோம். வந்த முதல் வருடம் முழுவதும் நான் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். கருவாட்டு வாடை சாமி அறைக்குள் வரக்கூடாது என்பது வெளியே சொன்ன காரணம். அந்தச் சனங்கள் நமக்குச் சரிப்படமாட்டார்கள் என்பது உள்ளே இருந்த காரணம். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் எனக்கும் சேர்த்துக் குடம் பிடித்து வைத்தவர்கள் அவர்கள்தான். இருந்தும் அந்தக் குடத்தைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன். நீ அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தாய்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் தோத்திரப் புத்தகத்தையும், மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தையும், பிறகு உன் பாடப் புத்தகங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டது. எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். விளக்கெண்ணெய் எந்த நாள் தீர்ந்தது, உனக்கு எந்த நாள் காய்ச்சல் விட்டது, எந்தக் கிருத்திகைக்கு எந்த வேண்டுதல் என்று எல்லாம் நோட்டில் இருக்கும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பள்ளியில் மேலாண்மைக் குழு அமைத்தபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “கூட்ட நோட்டு நீங்க எழுதுங்கம்மா, உங்க கணக்குல பிசகு இருக்காது” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதுவரைக்கும் என்னை யாரும் பள்ளிக்கூடத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்ததில்லை.

அந்த வருடம்தான் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. சரஸ்வதி பூசைக்கு அதை உலக உருண்டைக்குப் பக்கத்தில் துணி விரித்து வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை என்னுடையது. பீரோவுக்கு வைத்தேன், கரும்பலகைக்கு வைத்தேன், மணிக்கு வைத்தேன். மைக்ராஸ்கோப்புக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே குட்டையும் நெட்டையுமாக இரண்டு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. நெட்டைக் குழாயின் நுனி, பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக இருந்தது. அங்கே வைத்தேன். அதுதான் அதன் கண்மணி என்று எனக்குத் தெரியாது. இது அறியாமல் செய்தது. இதற்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் வெங்காயத் தோல் பாடம். குழு ஆட்கள் ஆளுக்கு ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் உன் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைய என் வீட்டு நோட்டில் இப்படி இருக்கிறது: “பள்ளிக்கு வெங்காயம் ஒன்று. நானும் போய் வந்தேன்.” அவ்வளவுதான். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். என் நோட்டில் வேறு எங்கும் அப்படி இடம் விட்டதில்லை.

நாம் இரண்டு பேரும் முன்னாலேயே போய்விட்டோம். அறையைத் திறந்து வைக்கும் முறை அன்று முனீஸ்வரிக்கு. பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய கன்னம், எண்ணெய் வழியப் படிய வாரிய தலை. மேசை ஓரத்தில் ஓர் ஊறுகாய் பாட்டில். அதற்குள் தண்ணீரில் சிவப்பும் பச்சையுமாக நூல் நூலாக ஏதோ மிதந்தது. அவள் அம்மா கடலில் முங்கிப் பாசி பறிக்கிறவள் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டாய்: “ஏய், வெங்காயம் கொண்டு வரலையா? இது என்னா?” அவள் சொன்னாள்: “கஞ்சிப்பாசி. எங்கம்மா நாளெல்லாம் தண்ணிக்குள்ள கெடந்து பறிக்கிது. அது உள்ளுக்குள்ள எப்படித்தான் இருக்குன்னு பாக்கணும். சார்ட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.” நீ மூக்கைப் பிடித்துக்கொண்டாய். நான் உன்னைக் கண்டிக்கவில்லை.

மைக்ராஸ்கோப் மேசை நடுவில் இருந்தது. நெட்டைக் குழாய் நுனியில் நான் வைத்த பொட்டு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சார் பார்த்தால் என்ன நினைப்பார் என்று வெட்கமாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், குங்குமம் போனது, சந்தனம் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளிக் குங்குமச் சிமிழை எப்படித் துலக்குவேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நீயே எத்தனையோ தடவை துலக்கியிருக்கிறாய். அதேபோல் இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முந்தானையில் தொட்டு, விரலைக் குவித்து அழுத்தித் தேய்த்தேன். நீ பதறினாய்: “அம்மா, தொடாதம்மா, சார் வைவாரு.” முனீஸ்வரியும் சொன்னாள்: “அம்மா, அத வெறும் கையாலயே தொடக்கூடாதுன்னாரு.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சாமி திருநீறு தாயி, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி, மிச்சத்தை அவள் நெற்றியிலும் பூசிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் மணி அடித்தது.

சார் நன்றாகத்தான் நடத்தினார். வெங்காயத்தை நான்காகக் கீறி, உள் மடலிலிருந்து கண்ணாடிக் காகிதம் போன்ற தோலை இடுக்கியால் உரித்து, தண்ணீரில் விட்டு, கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, காற்றுக் குமிழி வராமல் ஊசி முனையால் மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கினார். குட்டை லென்ஸைத் திருப்பி வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நீ பார்த்துவிட்டு, “செங்கச் செவரு மாதிரி இருக்குடா” என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. கடைசியில் என்னையும் கூப்பிட்டார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. அடுக்கடுக்காக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் சுவர். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு மூலையில் பழுப்பாக ஒரு புள்ளி. தினமும் நான் அரிகிற வெங்காயம். வாழ்நாளெல்லாம் கோயில் கோயிலாகப் போன எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது போல் அதற்கு முன் சிலிர்த்ததில்லை. இதையும் உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது முனீஸ்வரியின் பாசி. அவளே ஒரு நூலைக் கிள்ளி வைத்தாள். “இது மெல்லிசா இருக்கு, பெரிய லென்ஸ்ல பாப்போம்” என்று சார் நெட்டைக் குழாயைத் திருப்பினார். பார்த்தார். திருகினார். மறுபடி பார்த்தார். “என்ன இது, மூடுபனி மாதிரி இருக்கு?” கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்தார், வெள்ளை போய், கீறல் தெரிந்தது. “உப்புத் தண்ணிய இதுல விட்டியா? பாரு, உப்புப் பூத்து லென்ஸே போச்சு” என்று கத்தினார். அவர் மேற்கே இருந்து புதிதாக மாற்றலில் வந்தவர். கடல் தண்ணீர் கையில் பட்டுக் காய்ந்து வெள்ளை பூக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்த பாம்பன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். முனீஸ்வரி மட்டும் வாயைத் திறந்தாள்: “சார், உப்பு இம்புட்டுச் சீக்கிரம் பூக்காது சார்.” “செஞ்சதும் செஞ்சிட்டு எதுத்துப் பேசுறியா?” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் தலைமையாசிரியை வந்தார்.

அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. நான் சொல்லப் போகிறேன் என்று நம்பிக்கொண்டு பார்த்தாள். அவள் நெற்றியில் நான் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. என் நெற்றியிலும் இருந்தது. தலைமையாசிரியை என்னிடம் கேட்டார், “நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, என்னம்மா நடந்துச்சு?” நான் சொன்னேன், “அந்தப் பிள்ள பாசிய வச்சுச்சு டீச்சர். அதுக்குப் பெறகுதான் மங்கலாத் தெரிஞ்சுச்சு.” கூட்ட நோட்டிலும் அதையே எழுதினேன்: “கடல்பாசி உப்புத் தண்ணீருடன் கண்ணாடித் துண்டில் வைக்கப்பட்டது. அதன் பின் லென்ஸ் பழுதானது தெரிய வந்தது.” இதில் எந்த வாக்கியம் பொய் என்று யாராலும் காட்ட முடியாது. எல்லாம் நடந்ததுதான். நான் முதலில் நடந்ததை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினேன், அவ்வளவுதான். பொய்யை இவ்வளவு சுத்தமாக எழுத முடியும் என்பதை நான் யாரிடமும் கற்கவில்லை. கணக்கு எழுதி எழுதி என் கைக்குத் தானாக வந்தது.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். கடலிலிருந்து நேரே வந்திருந்தாள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணிக் கிழிசலைக்கூட அவிழ்க்கவில்லை. எல்லாரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, மகளை ஓர் அறை அறைந்தாள். “பாசி பறிக்கிற கைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி இது?” என்றாள். நான் நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். அன்று சாயங்காலம் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாய். “அம்மா, நீ திருநீறு போட்டுத் தேச்சீல்ல, அதுனாலயாம்மா அப்படி ஆச்சு?” என்று கேட்டாய். பதினாலு வயதுப் பிள்ளை சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டாய். நான் உன்மேல் பாய்ந்தேன். “என்னலே பேச்சு இது? திருநீறு பட்டு எதாச்சும் கெடுமா? சாமி குத்தம்டா. கன்னத்துல போட்டுக்க. அது உப்புத்தண்ணிதான்” என்றேன். நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். மறுபடி அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. நான் மறைத்தது போதாதென்று சாமியையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உன் கண்ணால் பார்த்ததை நீயே நம்பாதபடி செய்தேன். அதனால் இன்று நீ அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது அது உன் பொய் இல்லை. உன் வாயில் இருக்கும் என் பொய்.

எனக்கே உறுதியாகத் தெரியாது, உப்பாகவும் இருந்திருக்கலாம் என்று இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தபோது அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் உங்கய்யாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் திருநீறு போட்டு, அன்று தேய்த்தது போலவே தேய்த்தேன். கழுவிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணுக்குத் தெரு தெரிந்தது, இன்னொரு கண்ணுக்குப் புகை தெரிந்தது. கண்ணாடியைக் கொல்லைக் கிணற்றில் போட்டுவிட்டு, காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். “தூக்கிட்டுப் போயி அது என்னா, பேப்பரா படிக்கப் போவுது?” என்று உங்கய்யா ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் அடுப்படியில் நின்று, இனிமேல் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் நோட்டைத் திருத்தவில்லை. பரமக்குடிக்குக் குடிவந்த பிறகு, உன் வாத்தியார் வேலைப் பரீட்சைக்கு முன்னால் ராமேஸ்வரம் கூட்டிப் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் உன் தலையிலும் என் தலையிலும் ஊற்றினேன். அங்கிருந்து முனீஸ்வரி வீட்டுக்கு ஒரு பஸ்தான். போகவில்லை.

அவள் அரைப் பரீட்சையோடு நின்றுவிட்டாள். நிறுத்தியது யார் என்று நீ கேட்கலாம். யாரும் போ என்று சொல்லவில்லை. அறிவியல் அறைக்கு மற்றவர்கள் போகும்போது அவளை வராந்தாவில் நிற்க வைத்தார்கள். “ஏலே, உப்புத்தண்ணி வாரா, தள்ளு, துருப்புடிச்சிரும்” என்று பையன்கள் கத்துவார்கள். அதில் உன் குரலும் இருந்தது. ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். அன்றும் உன்னைக் கண்டிக்கவில்லை. கண்டித்தால் ஏன் என்று கேட்பாய். பிறகு அவளை அவள் அம்மாவோடு கடலுக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். முங்கி நீந்தும்போது காலில் கட்டிக்கொள்ளும் தகரத் தட்டைத் தோளில் தொங்கவிட்டு, இடுப்பில் பையோடு போவாள். நான் சந்து மாறிப் போய்விடுவேன். அந்தத் தெருவில் அவளுக்கு முதுகைக் காட்டியே நான்கு வருடம் குடியிருந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். என் கண்ணில் புரை வளர்ந்து ராமநாதபுரம் கண் ஆசுபத்திரிக்குப் போனேன் அல்லவா? மருந்து விட்டுப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் எதுவும் தெளிவாக இல்லை. பக்கத்தில் ஒரு பெண் வந்து, “அம்மா, இங்கன ஆளிருக்கா?” என்றாள். இல்லை, உட்காரு என்றேன். அவள் உட்கார்ந்தாள். பிறகு, “நீங்க ஐஸ் கம்பெனி வீட்டம்மாதான? கொரல வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள். யார் என்று கேட்டேன். “முனீசு. உப்புத்தண்ணி முனீசு.” தன் பெயரை அவள் அப்படித்தான் சொன்னாள், அய்யா. எந்த வீட்டு மருமகள் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுக்கு உன் வயதுதான். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்து கருவிழிவரை வந்துவிட்டதாம். ஒரு பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. “உங்க மகன் என்ன செய்றாரு?” என்று கேட்டாள். வாத்தியார் வேலை கிடைக்கப் போகிறது, உயிரியல் என்றேன். “அப்ப மைக்ராஸ்கோப்பெல்லாம் அவரு கையிலதான் இருக்கும்” என்று சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “தாயி, அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். “தெரியும்மா” என்றாள். “நாந்தான பக்கத்துல நின்னேன்.” அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அவளைப் போய் அப்படிக் கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: “நீங்க நெத்தி நெறையப் பூசிக்கிட்டு ஒக்காந்திருந்தீக. நான் பாசிய வச்சுக்கிட்டு நின்னேன். நான் சொன்னா யாரு நம்புவாக? நீங்களே சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அரப் பரீட்ச வரைக்கும் பாத்தேன். பெறகு பாக்குறத விட்டுட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த வடு. அவள் கையை இழுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. “சண்ட வந்தா எம் மாமியா, பள்ளிக்கூடத்துச் சாமானையே கெடுத்தவ எம்புள்ள குடும்பத்த வெளங்க விடுவாளாங்கும். அது பழகிப்போச்சு. போன மாசம் எம் மக வந்து, ‘அம்மா, நீ மைக்ராஸ்கோப்ப ஒடச்சியாம்ல’ன்னு கேக்குது. அதுகிட்ட நான் என்னம்மா சொல்ல? பள்ளிக்கூடத்துல எதையும் தொட்றாதடின்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்” என்றாள். அந்தக் குழந்தை எதையும் தொடுவதில்லையாம். சுண்ணாம்புக்கட்டியை எடுக்கச் சொன்னால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

நான் வந்து சொல்கிறேன், உன் மாமியார் முன்னால் சொல்கிறேன் என்றேன். “நீங்க மட்டும் வந்தா ஆகாதும்மா. வயசான அம்மா எரக்கப்பட்டுச் சொல்லுதும்பாக. நான் அழுது கூட்டியாந்தேம்பாக. உங்க மகனும் வரணும். அவரும்ல பாத்தாரு. வாத்தியாரு சொன்னா எங்க தெரு நம்பும்” என்றாள். ஏதாவது நல்லது செய்கிறதாக நினைத்துக்கொண்டு, அவனை மைக்ராஸ்கோப்பும் கொண்டு வரச் சொல்கிறேன், நீ அன்று பார்க்காமல் போன பாசியைப் பார்க்கலாம் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அதெல்லாம் வேணாம். அதுக்குள்ள என்னா இருந்தா எனக்கென்ன இப்ப? வந்து சொல்லச் சொல்லுங்க, அது போதும்.” டாக்டர் ஆறு மாதம் கடலில் இறங்கக்கூடாது என்றாராம். அவள் அமாவாசைக்கு இறங்கிவிடுவாள். அதற்கு முன்னால் வரச் சொன்னாள்.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் உன் போன் வந்தது. உங்கய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றுக் கண்ணாடியையும் சேர்த்து. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “அவன் இப்பத்தான் வேலைக்குப் போறான். இத எழுதாத. நீ மட்டும் போயி சொல்லிட்டு வா” என்றார். அவர் சொல்லைத் தட்டி நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றொன்று முனீஸ்வரிக்கு, அவள் விரும்பினால் யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். அதனால் இரண்டு உறையையும் ஒட்டவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிறாய். உன் அறையிலும் லென்ஸ் ஒன்று கெடும். அப்போது வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன என்று விரலில் தொட்டுப் பார். அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிடாதே. உப்பு இவ்வளவு சீக்கிரம் பூக்காது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு உன்னைவிட அது தெரிந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நில். பின் பெஞ்சில் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நல்லவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், கேள்வியை அவளிடமிருந்து தொடங்கு. அந்த உப்புத்தண்ணிக் கதையை மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதே, அய்யா. சொல்வதானால் இதைச் சொல்.

ஒன்று மட்டும் கவனமாகப் படி. அம்மா கேட்கிறாளே என்பதற்காக நீ வரக்கூடாது. நான் லென்ஸைத் தேய்த்தது உன் நினைவில் இருந்தால்தான் வர வேண்டும். நினைவில்லாமல் வந்து எனக்காகச் சாட்சி சொன்னால் அது அவள் வீட்டு வாசலில் நாம் வைக்கும் இரண்டாவது பொய். நான்தான் உன்னை மறக்க வைத்தேன். மறந்தே போயிருந்தால் அதையும் எழுது. நான் தனியாகப் போவேன், அவர்கள் நம்பாவிட்டாலும் சொல்லிவிட்டு வருவேன். அந்தக் குழந்தை அதற்குப் பிறகும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும் என்று தெரிந்தே போவேன்.

அமாவாசை அடுத்த வாரச் சனிக்கிழமை. அந்த வார வியாழக்கிழமைக்குள் உன் பதில் எனக்கு வேண்டும். போனில் வேண்டாம், எழுதி அனுப்பு. அன்று மணி அடிப்பதற்கு முன்னால் அந்த அறையில் நான் செய்தது உனக்கு நினைவிருக்கிறதா, இல்லையா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அம்மா
பரமக்குடி